வெறும் வயிற்றில் வந்த சபை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்க நான் உட்கார்ந்தால் நோயாளிகள் ஊசியைவிட என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணுவார்கள். முழங்கைக்கு மேல் சட்டையை மடிக்காமல் வந்து நிற்பவர்களையும், போன் பேசிக்கொண்டே கையை நீட்டுபவர்களையும் நான் சும்மா விடுவதில்லை. அப்படிப்பட்ட நான் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் தனியாக வயலின் வாசிப்பது.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் என்னை மேடையில் தனியாக உட்கார வைத்தார்கள். முதல் சுரம் வந்தது. இரண்டாவதில் கை நடுங்க ஆரம்பித்தது. வில் தந்தியின் மேல் குதித்துக் குதித்து ஒரு சத்தம் போட்டது, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யாரோ திரையை இழுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள் பாருங்கள், அந்தக் கைதட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வயலினை விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கே வாசித்தாலும் கூட்டத்தோடு கோவிந்தாதான்.

அதற்கு வசதியாகத்தான் எங்கள் குழு அமைந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். நன்றாக மிருதங்கம் வாசிப்பார். கொரோனா ஓய்ந்த சமயத்தில், எல்லோரும் அலுத்துச் சலித்துப் போயிருந்தபோது, "யாருக்கெல்லாம் ஏதாவது வாசிக்கத் தெரியும்?" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு ஸ்டாஃப் நர்ஸுகளும் நானும் வயலின். மருந்துக் கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட் கஞ்சிரா. வெளியிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். பட்டுப்புழு நோய்களை ஆராயும் விஞ்ஞானி புல்லாங்குழல் கொண்டுவந்தார். கேழ்வரகு ரகங்களை ஆராயும் அம்மா வீணை கொண்டுவந்தார். கால்நடை டாக்டர் ஒருவர் கடத்தோடு வந்தார். இப்படி ஒவ்வொருவராக வந்து இருபது பேருக்குப் பக்கமாகிவிட்டோம். ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரி வகுப்பறையில், எலும்புக்கூடு தொங்கும் ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்போம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்தக் குழுவிலும் இருக்காது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு ரிலீவர், அதாவது மாற்று ஆள். எப்போது யாருக்கு டூட்டி போன் வரும் என்று தெரியாதல்லவா? பாட்டு நடுவில் போன் அதிர்ந்தால், வாசிப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, வார்டில் ஷிப்ட் மாற்றும்போது சொல்வதைப் போலவே, "அனுபல்லவி ரெண்டாவது தடவை ஓடுது, வேகம் சரியா இருக்கு, சரணத்துல மட்டும் கவனம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வழக்கத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தனி ஆலாபனை வாசிக்கச் சொல்லி டாக்டர் இரண்டு முறை என் பெயரைப் போட்டார். இரண்டு முறையும் சரியாக அந்த நேரத்துக்கு லேபிலிருந்து எனக்கு அவசர போன் வந்தது. அந்த போனைச் செய்யச் சொன்னதே நான்தான். என் இடத்தில் என் ரிலீவர் நர்ஸ் உட்கார்ந்து அழகாக வாசித்துவிட்டார். நான் லேபில் உட்கார்ந்து டீ குடித்தேன். பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

மூன்றாவது முறை பென்னாகரத்தில் இலவசக் கச்சேரி என்று முடிவானது. அங்கே கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தன் கல்யாண மண்டபத்தைச் சும்மா தருவதாகச் சொல்லிவிட்டார். சங்கீதம் என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மோகன ராக ஆலாபனை எட்டு நிமிடம், தனி வயலின், என்று எழுதி டாக்டர் என் பெயரைப் போட்டார். என்னுடைய ரிலீவர் நர்ஸுக்கு அன்றைக்குப் பிரசவ வார்டில் டூட்டி. வேறு ஆள் கிடையாது. இன்னொரு நர்ஸுக்குக் கீர்த்தனைதான் பாடம், ஆலாபனை வராது. போன்களையெல்லாம் மேடையிலேயே, ஊசியும் பஞ்சும் வைக்கிற கிட்னி டிரே ஒன்றில் வாங்கி வைத்துவிடப் போவதாகவும் டாக்டர் சொன்னார். டூட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். இந்தத் தடவையும் வாசிக்காவிட்டால் வயலினை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், இப்படி ஏமாற்றிக்கொண்டு இருக்கக்கூடாது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாசிக்க வேண்டியதாகிவிடும் என்ற எச்சரிக்கைதான்.

நோட்டீஸ் எழுதும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். புதிதாக எழுத எனக்கு எங்கே நேரம்? லேபில் சர்க்கரை நோய் முகாமுக்கு அடித்த பழைய நோட்டீஸ் ஒன்று போனில் இருந்தது. அதை எடுத்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'இலவசம்' என்று இருந்தது, அப்படியே விட்டேன். அதற்குக் கீழே சின்னதாக 'செவ்வியல் இசை நிகழ்ச்சி' என்று சேர்த்தேன். வாசிப்பவர்களின் பெயரும் பட்டமும் துறையும் வரிசையாகப் போட்டேன். யார் என்ன வாத்தியம் என்று எழுத இடம் போதவில்லை. மூன்று டாக்டர்களும் ஒரு விஞ்ஞானியும் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். பென்னாகரம் கடைவீதி முதல் ஏரியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாய் ஆட்களை விட்டு ஒட்டினார்.

கச்சேரி நாளன்று தருமபுரியிலிருந்து வேனில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் பாய் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, எட்டு மணிக்கே கூட்டம் வந்துடுச்சுங்க. கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிக்குறாங்க. பெரிய பெரிய கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லைங்க!"

வேனில் ஒரே ஆரவாரம். நம் புகழ் பரவிவிட்டது என்று புல்லாங்குழல் விஞ்ஞானி சொன்னார். வீணை அம்மா கண்ணாடியை எடுத்துப் பொட்டைச் சரி செய்தார். நான் மட்டும் வயலின் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பேர் முன்னால் வாசிப்பதே மலை, இதில் ரோடு வரைக்கும் கூட்டமாம்.

மண்டபத்து வாசலில் இறங்கினோம். கூட்டம் இருந்தது நிஜம்தான். ஆனால் எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட். கேட் ஓரத்தில் ஒருவர் வயிறு உப்பிய ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் புள்ளி விழுந்த கேழ்வரகுப் பயிரை வேரோடு பிடுங்கி வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வரிசை நிமிர்ந்தது.

வரிசையில் முதலாவதாக ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா நின்றார். சிவப்புப் புடவை, கையில் மடித்த மஞ்சள் பை. என் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியதால் என்னிடமே கேட்டார்.

"எத்தனை மணிக்குங்க பார்ப்பீங்க? நான் ஏரியூர்ல இருந்து மொத பஸ்ஸுக்கு வந்தங்க. வூட்ல எல்லாத்துக்கும் சோறாக்கி வெச்சிட்டு, நான் மட்டும் தின்னாம வந்தேன்."

"ஏம்மா தின்னாம வந்தீங்க?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்கதானங்க போட்டிருக்கீங்க?" என்று மஞ்சள் பையிலிருந்து நோட்டீஸை எடுத்துக் காட்டினார். அடியில், பச்சைக் கோட்டுக்குக் கீழே, நான் அழிக்க மறந்த இரண்டு வரிகள். 'வெறும் வயிற்றில் வரவும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தவறாமல் எடுத்து வரவும்.'

நான்கு படித்த மனிதர்கள் அந்த நோட்டீஸைப் படித்துச் சரி சொன்னார்கள் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. இந்த வரிகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சுவரில், சீட்டில், எங்கேயும் இருக்கிறது. கண்ணில் பட்டாலும் எங்களுக்குத் தெரியாது. பாட்டுக் கேட்க வருகிறவன் எதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் நோட்டீஸை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். "யார் எழுதினது?" என்று அவர் கேட்பதற்குள் இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவருக்குக் குரல் உயராது. ஆப்ரேஷன் தியேட்டரில் நோயாளியைத் தூங்க வைக்கும் அதே குரலில், "நானும்தான் படிச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றார்.

எனக்குத் திடீரென்று ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. "பாவம் சார், எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. இவங்களைப் பார்த்து அனுப்பிடலாம். கச்சேரியை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றேன். இவ்வளவு இளகிய மனசு எனக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

"மோகனத்தையும் இன்னொரு நாள் வெச்சுக்கலாம், அப்படித்தானே?" என்றார் டாக்டர்.

நான் வேனிலிருந்து வயலின் பெட்டியை இறக்கப் போனேன்.

அவர் திண்டு வைத்த நாற்காலி ஒன்றில் ஏறி நின்று கூட்டத்திடம் பேசினார். தப்பு எங்களுடையது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எதுவும் கொண்டுவரவில்லை, அதனால் முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள் என்றார். வேனில் பிரஷர் பார்க்கும் மெஷின் இரண்டு இருக்கிறது, ரிப்போர்ட்டுகளையும் பார்த்துச் சொல்கிறோம். ஆனால் கச்சேரிக்குப் பிறகு. "எல்லாருக்கும் டோக்கன் உண்டு. நான் மிருதங்கத்தை விட்டுக் கையை எடுத்ததும் டோக்கன் ஒன்னுல இருந்து வரிசையா கூப்பிடறேன். யாரும் அவசரப்பட வேண்டாம்" என்றார். அவர் சொன்ன இந்த வாக்கியம்தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

எங்களுக்கென்று வந்த இட்லி போதவில்லை. பாய் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கல்யாண அண்டாவில் உப்புமா கிண்டச் சொன்னார். டோக்கனுக்குப் பேப்பர் இல்லாததால் நிகழ்ச்சி நிரல் அச்சடித்த அட்டையின் பின்னால் எண் போட்டுக் கொடுத்தோம். கேழ்வரகுப் பயிர் கொண்டுவந்தவரை வீணை அம்மா ஓரமாக உட்காரவைத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர் என்னிடம் முழங்கையை நீட்டினார், பழக்கதோஷத்தில் சட்டையை இன்னும் மேலே மடிக்கச் சொல்லி அதட்டிவிட்டேன். அப்புறம்தான் கையில் ஊசி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி பதினொன்றுக்குத் தொடங்கியது. இலவச முகாம் எதுவும் நேரத்துக்குத் தொடங்கி நான் பார்த்ததில்லை, கச்சேரி ஒரு மணி நேரம் தவறினால் பரவாயில்லை.

வர்ணம் நன்றாகப் போனது. பாதியில் வெளியே ஆடு கத்தியது. கால்நடை டாக்டர் கடத்தை மடியிலிருந்து இறக்கி, பார்மசிஸ்ட் காதில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆட்டுக்குப் பார்த்துட்டாங்க, அடுத்து நமக்குத்தான்" என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் முன் வரிசை பாதி எழுந்தது. டாக்டர் மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடியே தலையை ஆட்டினார். மறுபடி உட்கார்ந்தார்கள். கை தட்ட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு என் முறை வந்தது. வயலினைத் தோளுக்கும் காலுக்கும் நடுவில் அமர்த்தினேன். சுருதிப் பெட்டியைத் தவிர எல்லாம் நின்றது. எதிரே கல்யாண மண்டபம் முழுக்க முகங்கள். வில்லைத் தந்தியில் வைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த நடுக்கம் மணிக்கட்டில் தொடங்கி விரலுக்கு வந்தது. முதல் சுரம் இழுத்தேன். வில் லேசாகக் குதித்தது. போன்கள் கிடந்த கிட்னி டிரே கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். மேடை முழுக்க டாக்டர்கள், நம்ப மாட்டார்கள்.

ஆலாபனைக்கு மிருதங்கம் கிடையாது. டாக்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சிவப்புப் புடவை அம்மா டோக்கனோடு எழுந்தார். பின்னாலேயே டோக்கன் இரண்டு, மூன்று, நான்கு. டாக்டர் பதறிப்போய், வேண்டாம், போங்கள் என்று கையை அசைத்தார். அவர்களுக்கு அது வாங்க வாங்க என்று தெரிந்திருக்கிறது. வரிசை படியேறி மேடைக்கே வந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான்தான், அடையாள அட்டையும் என் கழுத்தில்தான் இருந்தது. அந்த அம்மா நேராக என் முன்னால் வந்து நின்றார். மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நின்றார்கள். மண்டபமும் சபையும் மறைந்துபோய்விட்டன.

எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லேப் ஜன்னலில் நான் பார்க்கிற காட்சிதான் இது. கழுத்தைச் சொறிகிற ஆள், எட்டிப் பார்க்கிற ஆள், முன்னால் நிற்பவரை இடிக்கிற ஆள். இருபத்திரண்டு வருடமாக இந்த வரிசைக்கு எதிரில் உட்காருகிறேன். ஒரு நாளும் என் கை நடுங்கியதில்லை. நடுங்கினால் என்னால் நரம்பைப் பிடிக்க முடியுமா? ரிப்போர்ட்டை வாங்கக் கை இல்லை, வாயைத் திறக்கவும் முடியாது. அந்த அம்மாவைப் பார்த்து, உட்காருங்கள் என்று தினமும் முறைக்கிற மாதிரி முறைத்தேன். அவர் சட்டென்று என் முன்னாலேயே ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களும் அவரவர் நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள்.

வில் குதிக்கவில்லை. காந்தார சுரத்தில் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன், அது நன்றாக இருந்தது. கீழே இறங்கி வந்தேன், மேலே போனேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கும்போது மட்டும் எப்போதாவது ராகத்தின் ஒரு பிடி கிடைக்கும். அது அன்றைக்கு நான் கூப்பிடாமலே வந்தது. அந்த அம்மா முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். பதினைந்துக்கு மேல் போயிற்று என்று பிறகு பாய் சொன்னார்.

வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இருந்தார். மேடை முழுக்க ஆட்கள் உட்கார்ந்துவிட்ட பிறகு இனிமேல் கீர்த்தனையாவது ஒன்றாவது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்தார்.

"டோக்கன் ஒன்னு, வாங்கம்மா. ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்க, பார்த்து அனுப்பிடறேன்."

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "இருக்கட்டுங்க டாக்டர், எனக்கு ஒன்னும் அவசரமில்லைங்க. அந்தம்மா இன்னொருக்கா வாசிக்கட்டும்" என்றார்.

லேப் ஜன்னலுக்கு எதிரில் நிற்பவர்கள் என்னிடம் பேசுவது ஒரே பேச்சுத்தான். எவ்வளவு நேரம் ஆகும், சீக்கிரம் கொடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நானும் அதற்கு ஏற்ற மாதிரிதான் பதில் சொல்லுவேன். என் எதிரில் வரிசையில் முதல் ஆளாக இருந்துகொண்டு, அவசரமில்லை என்று யாரும் இந்த இருபத்திரண்டு வருடத்தில் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அத்தனை பேரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் பிரஷர் மெஷினைப் பைக்குள் திரும்ப வைத்தார். நான் வில்லை எடுத்து, அந்த அம்மாவுக்காக மோகனத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.